ஃபிலிம் கேமராவுக்கு முதல் ஸ்டாண்டர்டு லென்ஸ்: 50 மி.மீ.-ஐத் தேர்ந்தெடுப்பது எப்படி?

35 மி.மீ. ஃபிலிம் கேமராவைப் புதிதாகக் கையில் எடுப்பவர் யாரிடம் யோசனை கேட்டாலும், “முதலில் ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்” என்ற பதிலே பெரும்பாலும் வரும். யோசனை நல்லதுதான். ஆனால் ஏன் 50, அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள 40-ஓ 58-ஓ ஏன் கூடாது, எஃப்/1.8 போதுமா அல்லது எஃப்/1.4 வேண்டுமா, கையில் இருக்கும் கேமராவில் அது பொருந்துமா, பல ஆண்டுகள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடந்த லென்ஸை எப்படிச் சோதித்து வாங்குவது என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் புதியவருக்கு அது பயன்படும். இக்கட்டுரை அவற்றைப் பற்றியது. 1960-களிலிருந்து 1980-கள் வரை வந்த, கையால் ஃபோகஸ் செய்யும் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்து எடுக்கும்) கேமராக்களையே முதன்மையாக மனத்தில் வைத்து எழுதுகிறேன். இன்று ஃபிலிமுக்கு வருபவர்களில் பலரும் அவற்றில்தான் தொடங்குகிறார்கள்.

50 மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தொலைவு; பிரைம் லென்ஸ் என்பது குவியத் தொலைவு மாறாத லென்ஸ். ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் 35 மி.மீ. 70 மி.மீ. ஆகும், பிரைமில் அந்த வளையமே கிடையாது. காட்சியைச் சிறிதாகவோ பெரிதாகவோ எடுக்க வேண்டுமானால் எடுப்பவர்தான் முன்னேயும் பின்னேயும் நடக்க வேண்டும். பிரைம் லென்ஸ்களுள், ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்ட நீளத்துக்கு ஏறத்தாழச் சமமான குவியத் தொலைவு கொண்டதையே ஸ்டாண்டர்டு லென்ஸ் என்கிறோம். நார்மல் லென்ஸ் என்றும் சொல்வதுண்டு. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 43 மி.மீ.-க்குச் சற்று அதிகம். 6-க்கு 6 செ.மீ. படம் எடுக்கும் நடுத்தர வடிவக் கேமராக்களில் மூலைவிட்டம் 80 மி.மீ.-ஐ ஒட்டி வருவதால், ஹாசல்பிளாடிலும் யாஷிகா மேட் 124ஜி-யிலும் 80 மி.மீ. லென்ஸே ஸ்டாண்டர்டு ஆயிற்று. ஆகவே 50 என்ற எண்ணுக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. ஃபிலிமின் அளவு மாறினால் ஸ்டாண்டர்டும் மாறும்.

மூலைவிட்டத்துக்கும் இயல்பான தோற்றத்துக்கும் என்ன தொடர்பு? “50 மி.மீ. லென்ஸ் மனிதக் கண் பார்ப்பதைப் போலவே பார்க்கும்” என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மையன்று. இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு 50 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் 47 பாகைக் கோணத்தைவிட மிக அகலமானது. உற்றுப் பார்க்கும்போது கூர்மையாகத் தெரியும் பகுதியோ அதைவிட மிகக் குறுகியது. விடை கண்ணில் இல்லை, அச்சிட்ட படத்தை நாம் எவ்வளவு தொலைவில் பிடித்துப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. படம் எடுத்த இடத்தில் நின்றபோது தெரிந்த அதே ஆழத் தோற்றம் அச்சிலும் தெரிய வேண்டுமானால், குவியத் தொலைவை உருப்பெருக்கத்தால் பெருக்கி வரும் தொலைவில் அச்சை வைத்துப் பார்க்க வேண்டும். 24-க்கு 36 மி.மீ. நெகட்டிவை 20-க்கு 30 செ.மீ. அச்சாக்கினால் அது எட்டு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாகிறது. 50 மி.மீ. லென்ஸால் எடுத்த படமாயின், பார்க்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 42 செ.மீ. இது ஒரு படத்தைக் கையில் பிடித்து நாம் இயல்பாகப் பார்க்கும் தொலைவை ஒட்டியதுதான். அதே அளவு அச்சை 28 மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தால் 23 செ.மீ. தொலைவுக்கு முகத்தை நெருக்கிப் பார்க்க வேண்டும், 135 மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கைத்தொலைவிலேயே பார்க்கிறோம். அதனால்தான் அகலக் கோணப் படத்தில் அருகில் உள்ளவை மிகைப்பட்டுத் தெரிகின்றன, டெலிஃபோட்டோ படத்தில் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டது போல் தோன்றுகிறது, ஸ்டாண்டர்டு லென்ஸ் படத்தில் மட்டும் லென்ஸின் இருப்பே உறைப்பதில்லை.

இதிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்னும் விகிதத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம்; லென்ஸ் அன்று. ஒரே இடத்தில் நின்று 35-இலும் 85-இலும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பார்த்தால் அந்த விகிதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். லென்ஸ் செய்வதெல்லாம் அந்த இடத்திலிருந்து தெரியும் காட்சியில் எவ்வளவு பகுதியைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது என்பதை முடிவு செய்வதே. எனவே லென்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பது, நாம் வழக்கமாக எவ்வளவு தொலைவில் நின்று படம் எடுக்கப் போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பதாகும். என் பார்வையில் ஸ்டாண்டர்டு லென்ஸ் வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான். எஃப் எண்ணும் நிறுவனப் பெயரும் அதன் பிறகே வர வேண்டும்.

50 எப்படி வந்தது, 58-உம் 40-உம் ஏன் இருக்கின்றன

சினிமா ஃபிலிமை ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தும் சிறிய கேமராவை ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தின் ஆஸ்கர் பர்னாக் 1913-14-ஆம் ஆண்டுகளில் உருவாக்கினார். அது லைகா என்ற பெயரில் 1925-இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அறிமுகமானபோது, மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் அதில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. 43-ஐவிடச் சற்று நீளமான லென்ஸுக்குப் படத்தின் மூலைகள் வரை கூர்மை காட்டுவது எளிது. லைகாவுக்குப் பின் வந்தவர்களும் 50-ஐயே பின்பற்றியதால் அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தம் பணியின் பெரும்பகுதியை லைகாவில் ஒரு 50 மி.மீ. லென்ஸோடு செய்தார்.

எஸ்எல்ஆர் கேமரா வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையில் மேலும் கீழும் அசையும் எதிரொளிக் கண்ணாடி ஒன்று இருப்பதால், லென்ஸின் கடைசிக் கண்ணாடி ஃபிலிமை நெருங்க முடியாது. அன்றைய வடிவமைப்பில் பெரிய திறப்பும் வேண்டும், அந்த அசையும் கண்ணாடிக்கு இடமும் விட வேண்டும் என்றால் குவியத் தொலைவைச் சற்று நீட்டுவதே எளிய வழியாக இருந்தது. 1960-இல் நிக்கான் வெளியிட்ட எஃப்/1.4 லென்ஸ் 58 மி.மீ.-ஆக இருந்ததற்கும், சோவியத் ஸெனிட் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ்-44 லென்ஸ் 58 மி.மீ. எஃப்/2-ஆக இருப்பதற்கும், பென்டாக்ஸின் பழைய டாகுமார் லென்ஸ்கள் 55 மி.மீ.-ஆக இருப்பதற்கும் இதுவே பின்னணி. நிக்கான் 1962-லேயே 50 மி.மீ. எஃப்/1.4-க்கு மாறிவிட்டது. மறுபக்கம், அசையும் கண்ணாடி இல்லாத சிறிய கேமராக்களில் 40 மி.மீ. பரவலாயிற்று, கேனன் கேனோநெட் க்யூஎல்17 ஜிஐஐஐ-இல் 40 மி.மீ. எஃப்/1.7 இருக்கிறது, ரோலை 35-இல் 40 மி.மீ. எஃப்/3.5 இருக்கிறது. எஸ்எல்ஆர்களுக்கும் 40 மி.மீ. லென்ஸ்கள் உண்டு: கோனிகா ஹெக்ஸனான் எஃப்/1.8, பென்டாக்ஸ்-எம் எஃப்/2.8, ஒலிம்பஸ் ஸுயிகோ எஃப்/2 ஆகியவை. மூலைவிட்டத்தின் அளவையே அப்படியே எடுத்துக்கொண்டு 43 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் பென்டாக்ஸ் 1997-இல் வெளியிட்டது.

ஆகவே 40 முதல் 58 வரை உள்ள எதையும் ஸ்டாண்டர்டு எனலாம். நடைமுறையில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை நிற்கும் தொலைவாக மாற்றிப் பார்த்தால் உடனே புரியும். மூன்று மீட்டர் தொலைவில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2.2 மீட்டர் அகலத்தையும் 1.4 மீட்டர் உயரத்தையும் பிடிக்கிறது. 40 மி.மீ. லென்ஸ் அதே தொலைவில் 2.7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 58 மி.மீ. 1.9 மீட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்பது வழக்கமான அளவு. அதன் ஒரு சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் எதிர்ச்சுவர் மூன்றரை மீட்டருக்கு மேல் இருக்காது. அந்த அறையில் அமர்ந்திருக்கும் இருவரை 50-இல் நன்றாக எடுக்கலாம். நின்றிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஏறத்தாழ 2.8 மீட்டர் பின்னால் போக வேண்டும், அதற்கும் இடமிருக்கும். ஆனால் குடும்பத்தில் ஏழெட்டுப் பேரை வரிசையாக நிறுத்தினால் 50 திணறும். உங்கள் படங்களில் பெரும்பாலானவை இத்தகைய அறைகளுக்குள்ளும் குறுகிய தெருக்களிலும்தான் எடுக்கப்படும் என்றால் 40 மி.மீ.-ஐ, அது கிடைக்காவிட்டால் 35 மி.மீ.-ஐத் தேடுவது தவறில்லை, 35 மி.மீ.-ஐயே தம் ஸ்டாண்டர்டாகக் கொள்பவர்கள் ஏராளம். திறந்த வெளியில், ஒருவரை மார்பளவில் எடுப்பதுதான் உங்களுக்கு விருப்பம் என்றால் 55-உம் 58-உம் இதமாக இருக்கும்.

முகத்தை மட்டும் சட்டம் நிறைய எடுக்க 50-ஐப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு அரை மீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டியிருக்கும். அந்தத் தொலைவில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். ஒன்றரை மீட்டர் விலகி நின்று, தோளும் மார்பும் சேர்த்து எடுத்தால் முகம் தன் இயல்பில் இருக்கும்.

எது தமக்குப் பொருந்தும் என்று தெரியாதவர்களுக்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பல கேமராக்களோடு 35–70 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றும் சேர்ந்தே வந்திருக்கும். நிக்கான் எஃப்எம்10-உடன் வந்ததும் அத்தகையதே. அதன் ஜூம் வளையத்தை 50-இல் வைத்து ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, ஃபிலிம் இல்லாமலேயே ஒரு வாரம் வீட்டிலும் வெளியிலும் வியூஃபைண்டர் வழியாகப் பாருங்கள். அடுத்த வாரம் டேப்பை 35-க்கு மாற்றுங்கள். எந்த இடத்தில் பின்னால் போக இடமில்லாமல் தவித்தீர்கள், எந்த இடத்தில் நெருங்கத் தயங்கினீர்கள் என்பதைக் கவனித்தாலே போதும், குவியத் தொலைவு முடிவாகிவிடும்.

எஃப்/1.8-உம் எஃப்/1.4-உம்

ஜூம் இருக்கும்போது பிரைம் எதற்கு என்ற கேள்விக்கும் விடை இந்த எண்ணில் இருக்கிறது. எஃப் எண் என்பது குவியத் தொலைவை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் திறப்பு ஏறத்தாழ 28 மி.மீ.; எஃப்/1.4 என்றால் ஏறத்தாழ 36 மி.மீ. எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிதாகும், ஒளி கூடும். ஒளி இரு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்கிறோம். எஃப்/4, எஃப்/2.8, எஃப்/2, எஃப்/1.4 என ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்.

இரவில், விளக்கு எரியும் ஒரு வீட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் ஒளி உணர்திறனைக் காட்டும் எண்) அங்கே கிடைக்கும் அளவீடு பெரும்பாலும் எஃப்/2-க்கு 1/30 வினாடி என்ற அளவில் இருக்கும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து அசைவில்லாமல் எடுக்க 1/60 பாதுகாப்பானது. மூச்சை அடக்கி, முழங்கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டால் 1/30-இலும் எடுக்கலாம். எஃப்/4 ஜூம் லென்ஸோ இங்கே 1/8 வினாடி கேட்கும். பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களை அதில் எடுக்க இயலாது. இந்த இடத்தில் பிரைமுக்கும் ஜூமுக்கும் உள்ள இடைவெளி, படம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் உள்ள இடைவெளியாகவே இருக்கிறது. எஃப்/1.8-க்கும் எஃப்/1.4-க்கும் இடையில் இருப்பதோ ஒரு ஸ்டாப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு மட்டுமே. அது கையசைவுக்கு எதிராகச் சிறிது நிம்மதி தரும், அவ்வளவே. ஐஎஸ்ஓ 400 கருப்பு வெள்ளை ஃபிலிமான இல்ஃபோர்டு எச்பி5 பிளஸை 800-ஆக அமைத்து எடுத்து, டெவலப் செய்யும் நேரத்தை அதற்கேற்பக் கூட்டச் சொன்னால் ஒரு முழு ஸ்டாப் கிடைத்துவிடும்.

பெரிய திறப்பின் விலை பணம் மட்டுமன்று. 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை எஃப்/1.4-இல் எடுத்தால் கூர்மையாக இருக்கும் பகுதியின் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எஃப்/1.8-இல் நான்குக்குச் சற்று மேல். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்த பின் எடுப்பவர் மூச்சு விடும்போது முன்னே சாய்ந்தால்கூடப் போதும், கூர்மை இமையை விட்டுக் காதுக்குப் போய்விடும். டிஜிட்டலில் உடனே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஃபிலிமில், 36 படங்களும் முடிந்து, கழுவி வந்த பிறகே அது தெரியும். கையால் ஃபோகஸ் செய்யப் பழகும் காலத்தில் எஃப்/2.8-உம் எஃப்/4-உம்தான் அதிகம் பயன்படும். அந்த அளவுகளில் எஃப்/1.8 லென்ஸும் எஃப்/1.4 லென்ஸும் தரும் படங்களைப் பிரித்தறிவது கடினம். எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் இடையில் எல்லா நல்ல 50-களும் தம் உச்சக் கூர்மையில் இருக்கும்.

நம் ஊர் வெயிலில் பெரிய திறப்பு பெரும்பாலும் பயன்படாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப்/16, 1/500 வினாடி என்பது கைக்கணக்கு. பென்டாக்ஸ் கே1000-இன் அதிவேக ஷட்டர் 1/1000 வினாடி. அதில் அதிகபட்சம் எஃப்/11 வரை திறக்கலாம். எஃப்/1.4-க்குப் போக வேண்டுமானால் இன்னும் ஆறு ஸ்டாப் ஒளியை வடிகட்ட வேண்டும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டாலும் எஃப்/5.6-ஐத் தாண்ட முடியாது. பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் எஃப்/1.4 வாங்குபவர், பகல் வெளிச்சத்தில் அந்தத் திறப்பை நிழலிலும் மாலையிலும் மட்டுமே பயன்படுத்த முடியும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

எஃப்/1.4-க்கு ஒரு நல்ல நியாயம் உண்டு. எஸ்எல்ஆரில் வியூஃபைண்டருக்கு ஒளி லென்ஸ் வழியாகவே வருகிறது. படம் எடுக்கும் கணம் வரை அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, முழுதும் திறந்தே இருக்கும். எனவே எஃப்/1.4 லென்ஸ் போட்டால் காட்சி அதிக ஒளியோடு தெரியும். மங்கிய இடத்தில் ஃபோகஸ் செய்வது எளிதாகும். எஃப்/4 அல்லது எஃப்/5.6 வரை மட்டுமே திறக்கும் ஜூம்களில், ஃபோகஸைச் சரிபார்க்க வியூஃபைண்டரின் நடுவட்டத்தில் உள்ள பிளவுக் கோடு பாதி இருண்டுபோவதைப் பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். ஆனால் எஃப்/1.8-இலேயே அந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது. எஃப்/1.2-ஐத் தொடங்குபவர் நினைக்கவே வேண்டாம். அதன் விலைக்கு ஒரு நல்ல எஃப்/1.8-உம் பல சுருள் ஃபிலிமும் வாங்கலாம். படம் எடுக்கக் கற்றுத்தருவது ஃபிலிம்தான்.

சாதாரண எஃப்/1.8 விலை குறைவாக இருப்பதால் தரமும் குறைவு என்று எண்ணக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை இரட்டை காஸ் என்னும் அமைப்பைச் சேர்ந்தவை. அப்பர்ச்சருக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒன்றையொன்று பிரதிபலிக்கும் கண்ணாடித் தொகுதிகள் இருப்பதால், ஒரு பக்கம் உண்டாகும் கோணல்களை மறுபக்கம் ஈடுசெய்துவிடும். ஜெனாவில் கார்ல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896-இல் பிளானார் லென்ஸில் இதைச் செய்துகாட்டினார். அதில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் எட்டு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், கால் பங்குக்கு மேல் ஒளி வீணாகி, அதில் ஒரு பகுதி படத்தின் மேல் மூடுபனியாகப் படிந்தது. 1935-இல் அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளி தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகே இந்த அமைப்பு முழுப் பயன் தந்தது. 1970-களில் பல அடுக்குப் பூச்சு பரவலானது. வெயிலை எதிர்நோக்கி எடுக்கும் வழக்கமுள்ளவர்கள் அந்தப் பூச்சுள்ள லென்ஸைத் தேடுவது நல்லது. அக்காலத்தில் எஸ்எல்ஆர்கள் பெரும்பாலும் ஒரு 50-உடனேயே விற்கப்பட்டதால் அவை மிகப் பெரும் எண்ணிக்கையில் தயாராயின. இன்று அவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அந்த எண்ணிக்கையே.

மவுண்ட்: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது

லென்ஸும் கேமராவும் சேரும் உலோக வளையமே மவுண்ட். பொதுவாக ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்றில் சேராது. சில நேரங்களில் ஒரே நிறுவனத்தின் லென்ஸும் சேராது. புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-லிருந்து வடிவம் மாறாமல் இருப்பதால் எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் 1977-இல் ஏஐ எனப்படும் முறை வந்தது. அதற்கு முந்தைய லென்ஸை எஃப்எம்2, எஃப்எம்10 போன்ற கேமராக்களில் திருகினால், அப்பர்ச்சர் வளையத்தின் விளிம்பு கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரோடு இணைந்த நெம்புகோலில் இடித்து அதைச் சேதப்படுத்தக்கூடும். அப்பர்ச்சர் வளையத்தில் பெரிய எண் வரிசைக்குப் பின்னால் சிறிய எண் வரிசை ஒன்றும் இருந்தால் அது ஏஐ லென்ஸ் என்று கொள்ளலாம். மறுமுனையில், புதிய ஜி வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. பழைய கேமராவில் அவை மிகச் சிறிய திறப்பிலேயே நின்றுவிடும். சிரீஸ் ஈ 50 மி.மீ. எஃப்/1.8, ஏஐ மற்றும் ஏஐ-எஸ் வகை 50-கள், ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி ஆகியவை எஃப்எம்10-இல் தடையின்றி இயங்கும்.

கேனனில் இரண்டு தனி உலகங்கள் உள்ளன. ஏஇ-1, ஏ-1 போன்றவை 1971-இல் வந்த எஃப்டி மவுண்டைச் சேர்ந்தவை. 1987-இல் வந்த இஓஎஸ் கேமராக்கள் இஎஃப் மவுண்டைச் சேர்ந்தவை. ஒன்றின் லென்ஸ் மற்றதில் நேரடியாகப் பொருந்தாது. டிஜிட்டல் இஓஎஸ் கேமராவும் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8-உம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு மட்டும் இதில் ஒரு வசதி உண்டு: இஓஎஸ் ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கினால் அதே லென்ஸ் ஆட்டோஃபோகஸோடு அதில் வேலை செய்யும். இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அதில் சேரா.

பென்டாக்ஸ் 1975 வரை 42 மி.மீ. விட்டமுள்ள திருகு மவுண்டைப் பயன்படுத்தியது, அதுவே எம்42. பிராக்டிகாவும் ஸெனிட்டும் இதே திருகைப் பயன்படுத்தின. 1975-க்குப் பின் கே மவுண்ட். இரண்டிலும் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தொலைவு ஒன்றே என்பதால், எம்42 லென்ஸைச் சிறு வளையம் ஒன்றின் உதவியால் கே1000-இல் பொருத்தி முடிவிலி வரை ஃபோகஸ் செய்யலாம். ஆனால் ஒளியை அளவெடுக்கும் முன் அப்பர்ச்சரைக் கையால் மூட வேண்டும். எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் வரிசையின் எஃப்/1.7 லென்ஸ் கே1000-க்கு மிகப் பொருத்தமான துணை என்பது என் கருத்து. மினோல்டாவில் எம்சி, எம்டி லென்ஸ்கள் கைஃபோகஸ் கேமராக்களுக்கு. 1985-இல் வந்த ஆட்டோஃபோகஸ் வரிசையின் மவுண்ட் முற்றிலும் வேறு. ஒலிம்பஸ் ஓஎம் கேமராக்களுக்கு ஸுயிகோ 50 மி.மீ. எஃப்/1.8.

பழைய லென்ஸைச் சோதித்தல்

லென்ஸைக் கையில் வாங்கியதும் முன்னும் பின்னும் மூடிகளைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதும் திறந்து, செல்பேசியின் டார்ச்சைப் பின்புறத்திலிருந்து சாய்வாக அடித்து முன்புறம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது மிக எளிதில் பிடிக்கிறது. ஓரத்தில் சிறிதளவு இருந்தால் படத்தில் தெரியாது என்றாலும், பரவக்கூடியது என்பதால் அத்தகைய லென்ஸை விட்டுவிடுவதே நல்லது. கண்ணாடி முழுவதும் வெளிறிய மூட்டம் தெரிந்தால், அது வெளிச்சத்தை எதிர்நோக்கி எடுக்கும் படங்களின் கருமையையெல்லாம் சாம்பலாக்கிவிடும். ஓரிரு தூசிகளுக்குக் கவலைப்பட வேண்டாம்; அவை இல்லாத பழைய லென்ஸே இல்லை. முன் கண்ணாடியில் துடைத்த கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வாங்காதீர்கள். ஃபிலிமுக்கு அருகில் இருப்பதால் பின்புறக் குறை படத்தில் எளிதில் வெளிப்படும்.

அடுத்து அப்பர்ச்சர். வளையத்தை எஃப்/16-க்குக் கொண்டுபோய், லென்ஸின் பின்னால் உள்ள சிறு நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று திறந்து சட்டென்று மூட வேண்டும். சோம்பி நகர்ந்தாலோ, இதழ்களின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தாலோ, ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் அப்பர்ச்சர் மூடி முடிக்காது. வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் அதிக ஒளி பட்டு வெளிறிப்போகும். வாங்கும்போது பலரும் கவனிக்காமல் விடும் குறை இதுதான்.

ஃபோகஸ் வளையம் ஒரே இறுக்கத்தோடு முழுதும் சுழல வேண்டும். இடையில் கரகரப்போ தளர்ச்சியோ இருக்கக் கூடாது. கேமராவில் பொருத்தி, தொலைவில் உள்ள செல்பேசிக் கோபுரம் ஒன்றைப் பார்த்து வளையத்தை முடிவிலிக் குறிவரை திருப்பினால் பிளவுக் கோடு சரியாகச் சேர வேண்டும். சேராவிட்டால் யாரோ அதைப் பிரித்துத் தவறாகப் பூட்டியிருக்கக்கூடும். பழைய டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் காலப்போக்கில் தேநீர் நிறமாக மஞ்சளித்திருக்கும். புறஊதா ஒளியில் சில நாள்கள் வைத்தால் அந்நிறம் பெருமளவு விலகும். அதை மட்டும் காரணமாக்கி ஒரு நல்ல லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை.

வாங்கிய பின் தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அது நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸ் ஹூட் அவசியம். பக்கவாட்டு வெயிலைத் தடுப்பதோடு விரல் படுவதையும் அது தடுக்கும். வாங்கும் முன் ஃபில்டர் திருகின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கான் 50-களில் பெரும்பாலும் 52 மி.மீ., பென்டாக்ஸ், ஒலிம்பஸ் 50-களில் 49 மி.மீ.

முதல் சுருளைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். அச்செழுத்து நிறைந்த செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் நேராக ஒட்டி, கேமராவை முக்காலியில் வைத்து, முழுத் திறப்பிலும் எஃப்/4-இலும் எஃப்/8-இலும் ஒவ்வொரு படம் எடுங்கள். பிறகு தரையில் ஓர் அளவுகோலைச் சாய்வாகக் கிடத்தி, குறிப்பிட்ட ஒரு கோட்டுக்கு ஃபோகஸ் வைத்து முழுத் திறப்பில் எடுங்கள். நெகட்டிவில் கூர்மை அந்தக் கோட்டிலேயே விழுந்திருந்தால் லென்ஸும் கேமராவின் ஃபோகஸ் திரையும் ஒத்துப்போகின்றன என்று பொருள். வெயிலில் ஒரே காட்சியை எஃப்/16-இலும், ஷட்டரை அதற்கேற்ப மாற்றி எஃப்/4-இலும் எடுங்கள்; இரண்டு நெகட்டிவ்களும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும், எஃப்/16 படம் மட்டும் அடர்ந்திருந்தால் இதழ்கள் தாமதமாக மூடுகின்றன. எந்தப் படம் எந்த அளவில் எடுத்தது என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். கழுவி வந்த நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து உருப்பெருக்கியால் பார்க்கும்போது அந்தத் தாள் பக்கத்தில் இருக்க வேண்டும்.